காற்றுப் போக வைத்த துளைகள்

ராமக்காளின் கட்டைவிரல் நகம் ஹெட்போன் காதுமெத்தையின் விளிம்புக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் நடுவே இறங்கியது. இழுக்கவில்லை, விளிம்போடு சுற்றிக்கொண்டே போனது. பள்ளத்தில் செருகியிருந்த ரெக்சின் உதடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. சுற்று முடிந்ததும் மெத்தை கழன்று உள்ளங்கையில் விழுந்தது. வலது கை அதை அமுக்கிப் பார்த்து விட்டது. உள்ளே இருந்த ஃபோம் அவசரமே இல்லாமல் எழுந்து பழைய கனத்துக்கு வந்தது. குறை ஒன்றும் தெரியவில்லை. அதனாலேயே கை மறுபடியும் அமுக்கியது.

“அமுக்கிக்கிட்டே இருந்தா ஆச்சா அக்கா? சாயங்காலம் அவரு வந்து நிப்பாரு.”

“நீ மொதல்ல உக்காரு கண்ணு. நீ காலு மாத்திக் காலு நிக்கறதப் பாத்தா எனக்குக் கை ஓடமாட்டேங்குது.”

தீபக் உட்காரவில்லை. உட்கார இடமும் இல்லை. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் மார்க்கெட்டுக்குப் பின்னால் போகும் சந்தில், ராமக்காளின் கடை ஒரு தையல் மெஷினும் ஒரு நீள மேசையும் போட்டால் நிறைந்துவிடுகிற அளவுதான். மீதி இடத்தில் ரெக்சின் சுருள்களும் தைத்து முடித்த ஆட்டோ சீட்டுகளும் சுவரோடு சாய்ந்திருந்தன. கொக்கிகளில் ஹெட்போன்கள் தொங்கின. சீட்டு தைக்கக் கொடுக்க வந்த ஆட்டோக்காரர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, “இதென்னக்கா, செவிடங்களுக்கா?” என்று கேட்பது வழக்கம்.

ராமக்காள் ஐம்பதை நெருங்குகிறவள். அப்பா அம்மா அனூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு மைசூர் வந்தவர்கள். இவள் சிமெண்டுச் சட்டியைத் தொட மறுத்து, பள்ளிப்பை தைக்கும் பட்டறைக்குப் போனாள். அங்கேயும் நிலையாக இல்லை. பையிலிருந்து ஸ்கூட்டர் சீட்டுக்கு, ஸ்கூட்டரிலிருந்து ஆட்டோவுக்குத் தாவினாள். ஒரு வேலை கைக்குப் படிந்ததும் கால் அரிக்கத் தொடங்கிவிடும். கணவன் அய்யாவு ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் வண்டி சீட்டுத்தான் அவள் முதலில் தனியாகத் தைத்தது. செம்மண் நிற ரெக்சினில் சிவப்பு நூலால் இரட்டைத் தையல். ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரர்கள் இறங்கி வந்து தடவிப் பார்த்தார்கள். அதிலிருந்து இரட்டைச் சிவப்புத் தையல் என்றால் ராமக்காள் கடை என்று ஆயிற்று.

ஹெட்போன் தற்செயலாக வந்தது. போனில் பேசுகிற வேலை பார்க்கும் ஒரு பெண், காதுமெத்தையின் மேல்தோல் உரிந்து கறுப்புச் செதிளாகக் கன்னத்தில் ஒட்டுகிறது என்று கொண்டுவந்தாள். ராமக்காள் அதைக் கிழித்து, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்து, ஸ்கூட்டர் சீட்டின் துண்டில் வேறொன்று தைத்துக் கொடுத்தாள். அது கல்லாட்டம் இருந்தது. மறுபடி தைத்தாள். பிறகு வீடியோக்களில் பார்த்தாள். பழைய மெத்தைகளைக் கேட்டு வாங்கிப் பிரித்தாள். எந்த ஃபோம் எத்தனை நேரம் தாங்கும், எந்தத் தோல் வியர்வைக்கு வீணாகும் என்பதெல்லாம் கையில் ஏறியது. யாரும் சொல்லித்தரவில்லை, சீட்டு தைத்த பழக்கம்தான் வழிகாட்டியது.

இன்றைய தகராறும் அந்தப் பழக்கத்தில்தான் இருந்தது. அது இன்னும் அவளுக்குத் தெரியாது.

தீபக் ஒலிக்கலவை செய்கிறவன். குரல், டோல் மேளம், கீபோர்டு என்று தனித்தனியாகப் பதிந்தவற்றை அளவு பார்த்துச் சேர்த்துப் பாட்டாக்குவது அவன் வேலை. ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தவன் அதை விட்டுவிட்டு, வீட்டு மாடியறையில் சொந்தமாகத் தொடங்கியிருந்தான். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் ஸ்பீக்கர் போட முடியாது. ஹெட்போன்தான் எல்லாம். பின்பக்கம் மூடிய ரகம்: வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்ளே ஓடுகிற இசை வெளியே கசிந்து பாடுகிறவரின் மைக்கில் ஏறாது. மழைக்கு முன்னால் அதன் மெத்தைகள் உரிந்து போனதால் ராமக்காளிடம் புதிதாகத் தைத்து வாங்கியிருந்தான்.

சொந்தப் பெயரில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை ஜடையன் குழுவின் மாதேஸ்வரன் சாமிப் பாட்டுகள். ஜடையன் மார்டள்ளிக்காரர். கம்சாளே என்கிற வெண்கலத் தாளத்தைச் சுழற்றி வீசி ஆடிக்கொண்டே பாடும் குழு அவருடையது. தீபக் கலந்து கொடுத்த பாட்டுகளை அவர் தன் வேனில் போட்டுக் கேட்டுவிட்டு நேற்றுக் காலையில் கூப்பிட்டார். “ஏந் தம்பி, இது பாட்டா, மாவு மில்லா? டோலு வவுத்துல குத்துது. கம்சாளே எங்க போச்சு? எங்க கொரலு எங்க போச்சு?” இன்று சாமான் வாங்க மைசூர் வருகிறார். சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால், பதிந்ததை அப்படியே வாங்கிக்கொண்டு பெங்களூரில் வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

“அவரு போயிட்டா அவரு மட்டும் போகமாட்டாரு அக்கா. அந்தப் பக்கத்துக் குழுவெல்லாம் அவரக் கேட்டுத்தான் எங்க பதியறதுன்னு முடிவு பண்ணுவாங்க. நான் மறுபடி பழைய எடத்துக்குத்தான் போயி நிக்கணும்.”

“சரி. அதுக்கு என்ற மெத்தை என்ன பண்ணுச்சு?”

“இதுல கேட்டா டோலே இல்ல. மெலிசா இருக்கு. அதனால ஏத்தி ஏத்தி வெச்சேன். வெளிய போட்டா இடிக்குது. உள்ள இருக்கற ஸ்பீக்கர் போயிருச்சோன்னு அதயும் காட்டிட்டேன். அது சரியாத்தான் இருக்காம். மாத்துனது மெத்தை ஒண்ணுதான் இல்லியா?”

“நீதானே போட்டுப் பாத்துட்டு, தலையணை மாதிரி இருக்குதுன்னு சொன்னே? போட்டோ எடுத்துப் போட்டே? அதப் பாத்துட்டு உன்ற சிநேகிதன் ரெண்டு பேரு அதே மாதிரி வேணும்னு வந்தாங்க. அப்ப நல்லா இருந்துச்சு, இப்ப கெட்டுப் போச்சா?”

“நல்லாத்தான் இருக்கு. பாக்கவும் நல்லா இருக்கு, போடவும் நல்லா இருக்கு. கேக்கத்தான் நல்லா இல்ல.”

ராமக்காளுக்கு முகம் சிவந்தது. மெத்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புத் தோல், முகப்பில் சிவப்பு இரட்டைத் தையல், வெளிச்சுவரில் விலையுயர்ந்த கார் சீட்டில் இருப்பதுபோல் வரிசையாக ஊசித்துளைகள். காது வேர்க்கிறது என்று அவன் சொன்னதால் யோசித்து வைத்த துளைகள். இதைவிடச் சுத்தமாக அவள் எதையும் தைத்ததில்லை.

மெத்தையைத் திரும்பக் கிண்ணத்தில் மாட்டி, “பாட்டப் போடு. நானே கேக்கறேன்,” என்றாள்.

அவன் லேப்டாப்பைச் சீட்டுகளின் மேல் வைத்துப் போட்டான். அவள் ஹெட்போனைத் தலையில் மாட்டினாள். குரல் வந்தது, கம்சாளே கணீரென்று வந்தது. டோல் பக்கத்துத் தெருவில் அடிப்பது போலத்தான் இருந்தது. அவளுக்கு அதில் தவறு எதுவும் படவில்லை. எல்லாமே நல்லபடியாகத்தானே கேட்கிறது என்று தலையை ஆட்டினாள்.

அய்யாவு சாப்பாட்டுக்கு வந்திருந்தான். ஆட்டோவைக் கடை வாசலில் ஒட்டி நிறுத்திவிட்டு, நடப்பதையெல்லாம் வண்டிக்குள்ளிருந்தே பார்த்துக்கொண்டிருந்தவன் தீபக்கைப் பார்த்துக் கண்ணடித்தான். “இப்ப அவ காதுல ஒண்ணும் வுழாது. என்ன வேணும்னாலும் பேசிக்கலாம். ரெண்டு தையல் போடற எடத்துல நாலு போடுவா தம்பி. புருசன் சட்டைக்குப் பொத்தான் வெக்கச் சொன்னா மட்டும் கண்ணு தெரியாது.”

“எனக்கு வுழுந்துச்சு,” என்றாள் ராமக்காள்.

“என்னது?”

“பொத்தான்.”

அய்யாவு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் அப்படியே நின்றாள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் பேசியது ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தது. சந்தில் போன ஸ்கூட்டரின் ஹாரனும் கேட்டது. இந்த ரகத்தைப் போட்டால் கடைக்கு முன்னால் லாரி நின்று உறுமினாலும் ஏதோ தூரத்தில் முனகுவது போல இருக்கும். பழைய மெத்தைகளோடு அவள் போட்டுப் பார்த்ததுண்டு. வெளியே இருப்பது உள்ளே வருகிறதென்றால், உள்ளே இருப்பதும் வெளியே போகிறது.

“நீ இன்னும் எதாச்சும் பேசு,” என்றாள் கணவனிடம்.

“பேசச் சொல்லி இவ கேட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“பேசுன்னா பேசு.”

அவன் மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினான். அவள் இரண்டு உள்ளங்கைகளாலும் மெத்தைகளின் வெளிச்சுவரை விரலோடு விரல் சேர்த்துப் பொத்தினாள். மீன் தூரமாகப் போனது. அதே நேரத்தில் டோல் கிட்டே வந்தது. கையை எடுத்தாள், டோல் போயிற்று, மீன் வந்தது. பொத்தினாள். எடுத்தாள். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து நீல இன்சுலேஷன் டேப்பை எடுத்து, துளை வரிசையின் மேல் சுற்றி ஒட்டி, தீபக்கின் தலையில் மாட்டி அமுக்கிப் பிடித்தாள்.

அவன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். “ஐயோ. இவ்வளவா ஏத்தி வெச்சிருக்கேன்?”

ஆட்டோ சீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் உட்காரும்போது உள்ளே இருக்கிற காற்று எங்காவது போயாக வேண்டும். வழி இல்லையென்றால் மூலைத் தையல் பிரிந்துவிடும். அதனால் சீட்டு தைக்கிற யாரும் துளை வைக்காமல் முடிக்கமாட்டார்கள். பட்டறையில் முதல் வாரத்தில் கற்பது அது. ராமக்காளும் கேள்வியே கேட்காமல் வைத்தாள். ஆனால் ஹெட்போனின் உள்ளே அடைபட்ட காற்றுத்தான் டோலின் கனத்தைக் காதுவரை தள்ளிக்கொண்டு வருகிறது. துளை வழியாக முதலில் ஓடிப்போவது அந்தக் கனம்தான். தீபக்கும் ஒரு வாரம் போட்டதும் அந்த மெலிவு மெத்தையால் வருவது என்று நினைக்கவில்லை. பதிந்ததிலேயே டோல் குறைவு என்று எண்ணி ஏற்றிக்கொண்டே போனான்.

“டேப்போடவே வேலையப் பாத்துக்கலாமா அக்கா? நேரமில்ல.”

“அது ஒட்டாது. வேர்த்தா வந்துரும். பாதிப் பாட்டுல வந்துருச்சுன்னா மறுபடி ஏத்தி வெப்பே. இரு.”

அவள் ஏற்கெனவே ரெக்சினைத் தேடிக்கொண்டிருந்தாள். இரண்டு சுருளை இழுத்துத் தள்ளினாள், மூன்றாவதைத் தொட்டுப் பார்த்து அதையும் தள்ளினாள். கார் கியர் உறைக்கு வைத்திருந்த மெல்லிய கறுப்புத் தோல் அகப்பட்டது. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். மெத்தென்று இருந்தது. அட்டை வைத்து வட்டம் போட்டுக் கத்தரி ஓடியது. பழைய மெத்தையின் சிவப்புத் தையலைப் பிளேடால் வகிர்ந்து, ஃபோமை உருவினாள். நூல் பிரிந்தபோது அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அந்த இரட்டைத் தையல் போடலாமில்ல? அது நல்லா இருந்துச்சு,” என்றான் தீபக், அவளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு.

“ஊசி போற எடமெல்லாம் ஓட்டைதான் கண்ணு. முகப்புல ஒரு தையலும் வராது.”

வட்டங்களை உள்பக்கம் வெளியே இருக்கும்படி வைத்துத் தைத்தாள். தையல் முழுவதும் கிண்ணத்தின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும்படி வெட்டியிருந்தாள். ஊசித்தடத்தின் மேல் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனை விரல் நுனியால் இழுத்தாள். அது காய வேண்டும். காய்வதற்குப் பொறுக்காமல் அட்டையால் விசிறினாள். வாசலுக்குப் போனாள், வந்தாள், முகர்ந்து பார்த்தாள், மறுபடி விசிறினாள். தீபக்கின் போன் அடித்தது. ஜடையன்.

“மார்க்கெட்ல இருக்கேன் தம்பி. ஆச்சா?”

“ஆயிட்டே இருக்குண்ணா.”

“ஆயிட்டே இருக்குன்னா ஆகலன்னு அர்த்தம்.”

போனை வைத்தவன் மேசை விளிம்பை விரலால் தட்டத் தொடங்கினான். ராமக்காள் அவன் கையின் மேல் ஒரு ஃபோம் துண்டைப் போட்டுத் தட்டலை நிறுத்தினாள்.

மெத்தைகள் தயாராகி மாட்டியதும் முதலில் அவள் போட்டுக் கேட்டாள். அய்யாவு எதிரே நின்று வாயசைத்தான், ஒன்றும் விழவில்லை. டோல் காதுக்குள் உட்கார்ந்தது. வெற்றியோடு கழற்றித் தீபக்கிடம் கொடுத்தாள். அவன் போட்டுக் கேட்டான். நெற்றி சுருங்கியது.

“வரல அக்கா. மொதல்ல இருந்ததுக்குத் தேவலாம். ஆனா டேப்ப வெச்சு நீங்க அமுக்கிப் புடிச்சு மாட்டினப்போ வந்த அளவுக்கு வரல.”

“எனக்கு வந்துதே!”

“எனக்கு வரலையே.”

“தலைக்குள்ள இருக்கறதப் பொறுத்து வருமாட்ட இருக்குது,” என்றான் அய்யாவு.

“நீ கொஞ்சம் சும்மா இரு மாமா.” ஹெட்போனைப் பிடுங்கி, மேல்பட்டையை உள்பக்கமாக வளைத்தாள். இறுக்கினால் ஒட்டும் என்பது அவள் கணக்கு. தீபக் மறுபடி போட்டான். “இப்ப வருது. ஆனா நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்குது. இத மாட்டிக்கிட்டு ஒரு பாட்டு முடிக்கறதுக்குள்ள தலவலி வந்துரும்.”

அவள் பட்டையைப் பழையபடி விரித்தாள். அவனைச் சுற்றி நடந்தாள். ஒரு பக்கம் பார்த்தாள், மறுபக்கம் போனாள், குனிந்தாள், வெளிச்சம் வரும் பக்கமாக அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவன் கன்னத்துக்கும் மெத்தைக்கும் நடுவே ஓர் இடத்தில் மட்டும் வாசல் வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடித்திருந்தது.

“இது எப்ப வந்துச்சு?”

“எது?”

“கண்ணாடி. மொத தடவ அளவு பாக்க வந்தப்ப இல்லியே.”

“அப்புறந்தான் போட்டேன். கம்ப்யூட்டர் பாத்துப் பாத்து...”

“என்ற ஓட்டை பாதி, உன்ற கண்ணாடி பாதி. சேந்து டோலத் தின்னுருக்குது. கழட்டிட்டுக் கேளு.”

“கழட்டினா ஸ்கிரீன் தெரியாது அக்கா. கண்ண மூடிக்கிட்டா கலக்கறது?”

அய்யாவு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மெத்தைகள் மறுபடி கழன்றன. நகம் மறுபடி விளிம்பில் சுற்றியது. ஃபோமை வெளியே எடுத்து, தீபக்கின் காதுக்கு மேல் வைத்து, காம்பு படுகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். ஒரு காதைவிட மறுகாது சற்று உயரத்தில் இருந்தது. இரண்டுக்கும் தனித்தனிக் கோடு. கோட்டின் வழியே பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரு பள்ளம் செதுக்கினாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அதிகமானால் அங்கே புதிய ஓட்டை வரும். தோலை மட்டும் அந்த இடத்தில் இழுக்காமல் தளர்வாக விட்டாள், காம்பைச் சுற்றி அதுவே மடிந்துகொள்ளட்டும் என்று. பார்வைக்கு அங்கே ஒரு சுருக்கம் விழுந்தது. ஆட்டோ சீட்டில் இப்படி ஒரு சுருக்கம் விழுந்திருந்தால் அவள் மொத்தத்தையும் பிரித்திருப்பாள். இதைப் பிரிக்காமல் இருப்பதற்கு அவள் கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

தீபக் மாட்டிக்கொண்டான். ஒரு வரி கேட்டதும் சரியென்று தலையசைத்தான். லேப்டாப்பின் முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டான். காலையிலிருந்து அவன் உட்கார்ந்தது அப்போதுதான்.

டோலை இறக்கினான். கீபோர்டை இறக்கினான். ஒரு பாட்டு சரியென்று தோன்றியதும் பென்டிரைவில் ஏற்றி, அய்யாவின் ஆட்டோ ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பான். ஓடிவந்து மறுபடி உட்காருவான். அய்யாவு சவாரிக்குப் போகாமல் வண்டியோடு காத்திருந்தான். “பின்னாடி சீட்டு ஆடறது நின்னுருச்சு தம்பி,” என்று அவன் சொன்னது தீபக்குக்கு அளவுகோலாயிற்று. ராமக்காள் ஒரு ஸ்கூட்டர் சீட்டை எடுத்துத் தைக்க ஆரம்பித்து, பாதியில் விட்டு, தீபக்கின் பின்னால் போய் மெத்தை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். அவன் தலையை ஆட்டும்போதெல்லாம் அவளுக்குப் பக்கென்றது. டீ வந்தது, ஆறியது.

ஜடையன் தோளில் ஒரு மூட்டையோடு வந்து சேர்ந்தபோது சந்தில் வெயில் மேல்மாடிக்கு ஏறியிருந்தது. கடையையும் சீட்டுகளையும் பார்த்துவிட்டு, “ஸ்டூடியோன்னு சொன்னே, ஆட்டோ கடையில வந்து உக்காந்திருக்கறே?” என்றார். தீபக் ஹெட்போனை நீட்டினான்.

“அத மாட்டிக்கிட்டு எவன் தம்பி எங்க பாட்டக் கேக்கப் போறான்? வண்டியில போடு.”

ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். பாட்டு தொடங்கியது. டோல் வந்தது, அதன் மேல் கம்சாளே ஒன்றோடொன்று மோதி நீண்டு ஒலித்தது, அதற்கும் மேலே அவருடைய குரல். அவர் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. தீபக் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ராமக்காள் வாசற்படியில் நின்று சேலைத் தலைப்பை முறுக்கி, பிரித்து, மறுபடி முறுக்கினாள். ஒரு பாட்டு முடிந்தது. “அடுத்தது,” என்றார். அதுவும் முடிந்தது. “கடைசிப் பாட்டு.” அதில்தான் கம்சாளே வேகம் பிடித்து முடிவில்லாமல் சுழலும். பாதியில் அவருடைய மணிக்கட்டு மூட்டையின் மேல் தானாகச் சுழலத் தொடங்கியது.

“இப்பத்தான் கம்சாளே கையில இருக்குது,” என்றார். “ரெண்டாவது பாட்டுல என்ற இருமல் கேக்குதே, அது எதுக்கு?”

“அது எப்பவும் இருந்துச்சுண்ணா. டோல் மறைச்சிருந்தது. எடுத்துர்றேன்.”

“எடுத்துட்டுக் குடு. பெங்களூரெல்லாம் யாரு போறது.”

இருமலை எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. தீபக் பென்டிரைவைக் கொடுத்தான். ஜடையன் அதைச் சட்டைப்பையில் போட்டு, பைக்கு மேல் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். அய்யாவு அவரை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட வண்டியைக் கிளப்பினான்.

தீபக் லேப்டாப்பை மூடினான். ஹெட்போனைப் பையில் வைக்கப் போனவனின் கையிலிருந்து ராமக்காள் அதை வாங்கினாள்.

“இன்னும் என்ன அக்கா?”

“இரு. வலதுபக்கம் கீழ கொஞ்சம் எழும்பி இருக்குது. நான் அப்பவே பாத்தேன், நீ வேலையில இருந்தேன்னு வுட்டுட்டேன்.”

“எனக்குத் தெரியவே இல்லையே.”

“உனக்குக் கேக்கறது தெரிஞ்சாப் போதும்.”

எழும்பியிருந்த உதட்டை நகத்தால் பள்ளத்துக்குள் தள்ளினாள். விளிம்பு முழுவதும் விரலை ஓட்டினாள். சொல்யூஷன் வாசனை போய்விட்டதா என்று முகர்ந்தாள். கண்ணாடிக் காம்புக்காக விட்ட சுருக்கத்தைத் தடவிப் பார்த்தாள். நீவிவிடத் துடித்த விரலை எடுத்துக்கொண்டாள். துணியால் கிண்ணங்களைத் துடைத்து, கம்பியைச் சிக்கில்லாமல் சுற்றி, ஹெட்போனை அவன் கையில் கொடுத்தாள்.